மின்வில்லும் மனிதர் கண்ணும்

இரும்பை இரும்போடு இணைக்கும் வித்தை மனிதனுக்குப் புதியதன்று. கொல்லன் உலைக்களத்தில் இரண்டு துண்டுகளைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒட்டியது பண்டைய முறை. தகடுகளில் துளையிட்டு, பழுக்கக் காய்ச்சிய தறையாணிகளைச் செலுத்தி அடித்து இறுக்கியது பின்னர் வந்த முறை. ஹூக்ளி நதியின்மேல் 1943-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஹௌரா பாலம் தறையாணி யுகத்தின் பெருமைமிக்க சின்னமாக இன்றும் நிற்கிறது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1955 அக்டோபர் 2-ஆம் நாள், சென்னைப் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. அங்கே ஸ்விட்சர்லாந்து நாட்டுத் தொழில்நுட்பத்தின் துணைகொண்டு உருவான உருக்குப் பெட்டிகள், மின்சாரப் பற்றவைப்பினால் ஒரே உடலாக ஆக்கப்பட்டவை. நம்மில் பலரைத் தென்னாட்டிலிருந்து தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் கொண்டுவந்து சேர்த்த பெட்டிகள் அவ்வாறு பிறந்தவையே.

அந்தப் பெட்டியின் ஒவ்வொரு தையலுக்கும் பின்னால், அதனைக் கூர்ந்து நோக்கிய ஒரு கண் இருந்திருக்கிறது. வெல்டிங் என்று உலகம் வழங்கும் இத்தொழிலின் தனித்தன்மை இதுதான்: எந்த ஒளி கண்ணைக் கெடுக்குமோ அந்த ஒளியையே உற்று நோக்கினால்தான் வேலை நடக்கும். நோக்காமல் இருக்க முடியாது, நோக்கினாலோ கேடு. இவ்விரண்டுக்கும் இடையே மனிதன் ஒரு வழி கண்ட வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதன் முடிவில் நிற்பதுதான், இன்று பட்டறைகளிலும் இரும்புக் கடைகளிலும் காணப்படும் ‘ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட்’ என்னும் தானே இருளும் முகக்கவசம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாயிலில் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன. 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் கடந்து, கண்ணுக்கு ஒன்றும் தென்படாத இடத்தில் வெப்பம் மிகுந்திருக்கக் கண்டார். இன்று நாம் அகச்சிவப்புக் கதிர் என்பது அதுவே. 1801-இல் ஜெர்மனியில் ஜோஹன் ரிட்டர், ஊதா நிறத்தைக் கடந்த இருட்டில் வெள்ளி உப்பு விரைவாகக் கறுப்பதைக் கண்டு, புற ஊதாக் கதிரை உலகுக்கு அறிவித்தார். 1802-இல் ரஷ்யாவில் வசிலி பெத்ரோவ் என்பார், வலிய மின்கல அடுக்கு ஒன்றை அமைத்து, இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே கண்கூசும் சுடர் இடைவிடாமல் எரியக் கண்டார். சில ஆண்டுகளுக்குள் லண்டனில் ஹம்ப்ரி டேவியும் அதே சுடரைப் பலரும் காணக் காட்டினார். கிடையாக வைத்த கரிக்கோல்களுக்கு நடுவே சூடேறிய காற்று மேலெழும்ப, சுடர் வில்போல் வளைந்தது. ஆகவே அதற்கு மின்வில் என்று பெயர் வந்தது.

கண்ணுக்குப் புலப்படாத இருவகைக் கதிர்களும், அவ்விரண்டையும் அள்ளி வீசும் விளக்கும் இவ்வாறு ஒரே காலத்தில் கிடைத்தன. ஆயினும் அவற்றுக்கிடையே உள்ள உறவை உணர உலகுக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன.

அந்த இடைவெளியில் பலர் கண்கள் எரிந்தன. 1858-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ, மின்வில்லைக் கொண்டு சோதனை நடத்திய இருவருக்கு முகம் சிவந்து, கண்ணிலும் உபாதை உண்டானதைப் பதிவு செய்தார். வெயிற் சூட்டைப் போன்ற சூடு அங்கே இல்லை. ஆயினும் வெயிலில் வெந்தாற்போல் தோல் வெந்திருந்தது. காரணம் வெப்பமன்று, ஒளியில் கலந்துள்ள இரசாயன ஆற்றலுடைய கதிர்களே என்று அவர் கருதினார். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் விட்மார்க் 1889-இல், ஒளியை வகைவகையாகப் பிரித்துச் சோதித்து, குற்றவாளி புற ஊதாக் கதிரே என்று நிறுவினார். பனிமலைகளில் செல்வோருக்கு நேரும் பனிக்குருடும் மின்வில்லால் நேரும் கண்ணெரிச்சலும் ஒரே நோய் என்பதும் தெளிவாயிற்று.

இந்த உண்மை வெளிப்பட்டபோது மின்வில் பட்டறைக்குள் புகுந்துவிட்டிருந்தது. ரஷ்யராகிய நிக்கொலாய் பெனார்தோஸ் 1881-இல் கரிக்கோலின் மின்வில்லால் உலோகத்தை உருக்கி ஒட்டினார். 1888-இல் மற்றொரு ரஷ்யரான ஸ்லவ்யானோவ், கரிக்குப் பதிலாக உருகிச் சேரும் உலோகக் கோலையே மின்முனையாக்கினார். ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெர்க் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கோலுக்கு மேற்பூச்சுக் கொடுத்தார். இன்று நம் பட்டறைகளில் புழங்கும் வெல்டிங் ராடு அதன் வழித்தோன்றலே.

மின்வில்லின் ஒளி மூன்று வகையில் கண்ணைத் தாக்குகிறது. புற ஊதாக் கதிர் கருவிழிக்கு மேலுள்ள கண்ணாடி போன்ற படலத்தைச் சுடுகிறது. கட்புலனாகும் பேரொளி விழித்திரையைத் தாக்குகிறது. அகச்சிவப்புக் கதிர் உள்ளே ஊடுருவி, நாளடைவில் விழிவில்லையை மங்கச் செய்யக்கூடும். இவற்றுள் நாம் கூசி விலகுவது நடுவில் உள்ளதற்கு மட்டுமே. மற்ற இரண்டும் வந்து செல்வதைக் கண் அறியாது. புற ஊதாவின் சூடு பல மணி நேரம் கழித்தே வலியாக வெளிப்படும். பகலில் வேலை செய்தவர் நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோன்ற வேதனையோடு எழுவது இதனாலேயே. கண் கூசவில்லை, ஆகவே கேடில்லை என்று எண்ணுவது பெரும் பிழை.

காப்புக் கண்ணாடியின் வரலாற்றில் வில்லியம் குரூக்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானிக்குச் சிறப்பிடம் உண்டு. கண்ணாடி உருக்கும் உலைகளின் முன் நாளெல்லாம் நின்ற தொழிலாளர்க்கு இளமையிலேயே கண்புரை தோன்றியது. அதற்குப் பரிகாரம் தேடிய ராயல் சொசைட்டியின் முயற்சியில் குரூக்ஸ் ஈடுபட்டு, பல்வேறு உலோக உப்புகளைச் சேர்த்து முந்நூறுக்கு மேற்பட்ட கண்ணாடிக் கலவைகளைச் செய்து சோதித்தார். முடிவுகள் 1914-இல் வெளிவந்தன. நம் நாட்டு மூக்குக்கண்ணாடிக் கடைகளில் ‘குரூக்ஸ்’ என்ற சொல் நெடுங்காலம் வழங்கியதை மூத்த நேயர்கள் நினைவுகூர்வர். அவருடைய ஆராய்ச்சி உணர்த்திய பாடம் இது: கண்ணாடி கறுப்பாக இருப்பது வேறு, கேடு தரும் கதிரைத் தடுப்பது வேறு. தெளிவான கண்ணாடியும் ஒரு கதிரைத் தடுக்கலாம். இருண்ட கண்ணாடியும் ஒரு கதிரை உள்ளே விடலாம்.

அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறத் தோன்றுகிறது. வெல்டிங் கண்ணாடியின் மீது ‘ஷேடு’ என்று ஓர் எண் குறிக்கப்பெற்றிருக்கும். அதனை நிழல் என்று பெயர்த்தால் பொருள் கெடும். நிறம் என்றாலும் கெடும். எத்துணைப் பங்கு ஒளியை உள்ளே விடுகிறது என்பதற்கான அளவே அது. எண் ஒன்று கூடினால் உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய இரண்டேமுக்கால் மடங்கு குறைகிறது. ஷேடு 3 ஏழில் ஒரு பங்கு ஒளியை விடும். ஷேடு 10 சுமார் ஏழாயிரத்து இருநூறில் ஒரு பங்கையே விடும். கேஸ் வெல்டிங்குக்கு உரிய ஷேடு 5 கண்ணாடியை அணிந்து மின்வில்லைப் பார்ப்பவர், ஷேடு 10 அணிந்தவரைவிட ஏறக்குறைய நூற்றுநாற்பது மடங்கு ஒளியைக் கண்ணுக்குள் விடுகிறார். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடியின் நிலை அதனினும் மோசம். அதன் பக்கங்களும் திறந்தே கிடக்கின்றன.

சரியான கண்ணாடி கிடைத்த பின்னும் ஒரு சிக்கல் நீங்கவில்லை. ஷேடு 10 கண்ணாடியின் வழியாகப் பார்த்தால், மின்வில் எரியும்போது தையல் நன்கு தெரியும்; எரியாதபோது எதிரே இருப்பது யானையானாலும் தெரியாது. ஆகவே தொழிலாளி கவசத்தை உயர்த்தி, ராடு தொடவேண்டிய இடத்தைக் குறிபார்த்து, தலையை ஒரு முறை வெட்டிக் கவசத்தை முகத்தின்மேல் விழச் செய்து, குருட்டுத்தனமாகவே மின்வில்லை மூட்டவேண்டும். அந்த ஒரு கணத்தில் கை சிறிது நகர்ந்தாலும் குறி தவறும். கையில் பிடிக்கும் கேடயமாயின் ஒரு கை அதற்கே போய்விடும்.

வேலை பெருகப் பெருக இந்தச் சிக்கலும் பெருகிற்று. கடலோடும் பெருங்கப்பல்களில் முற்றிலும் பற்றவைப்பினாலேயே அமைந்த முதற் கப்பலாகிய ‘புல்லகர்’ 1920-இல் இங்கிலாந்தில் மிதந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 1941 முதல் 1945 வரை ‘லிபர்ட்டி’ வகைக் கப்பல்கள் 2,710 கட்டியது. ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் சில வாரப் பயிற்சியோடு மின்வில்லின் முன் அமர்ந்தனர். தகடுகளை இடம் பெயராமல் நிறுத்தப் புள்ளி புள்ளியாக வைக்கும் ‘டாக்’ வேலையில் கவசத்தை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை உயர்த்தவும் தாழ்த்தவும் வேண்டும். கழுத்து நோகும், பொறுமை தேயும். ‘ஒரு புள்ளிதானே’ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டோ, முகத்தைத் திருப்பிக்கொண்டோ வைத்துவிடத் தோன்றும். பட்டறைகளில் கண்ணைச் சுட்டது கண்ணாடியின் குறையைக் காட்டிலும் இந்தச் சபலமே எனலாம்.

கண்ணுக்கு இமை என்ற இயற்கைக் கவசம் இருக்கிறதே என்று கேட்கலாம். தொல்காப்பியனார் மாத்திரைக்கு அளவு கூறுகையில் கண்ணிமைப்பதையும் கைந்நொடிப்பதையும் குறித்தார்.  ஆயினும் இமை மூட ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கேனும் ஆகும். ஒளி அதற்காகக் காத்திராது. இமையினும் ஆயிரம் மடங்கு விரைந்து மூடும் ஒரு கதவு வேண்டியிருந்தது.

அந்தக் கதவுக்கான பொருள், எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1888-ஆம் ஆண்டில், ஸ்லவ்யானோவ் உலோகக் கோலை உருக்கிய அதே ஆண்டில், பிராக் நகரில் தாவர நூலறிஞர் ரைனிட்சர் ஒரு விந்தையைக் கண்டார். காரட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த கொலெஸ்டிராலின் சேர்மம் ஒன்று, இரு வேறு வெப்ப நிலைகளில் இருமுறை உருகியது. இடைநிலையில் அது நீர்போல் ஓடியும் படிகம்போல் ஒளியை நடத்தியும் நின்றது. திரவப் படிகம் என்று பெயர்பெற்ற இப்பொருளை, மின்னழுத்தத்தால் ஒளியைத் தடுக்கவும் விடவும் பணிக்கலாம் என்பது 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவாயிற்று. கைக்கடிகாரத்திலும் கணக்கிடு கருவியிலும் எண்களைக் காட்டுவது அதுவே.

ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஓக்கே ஹொர்னெல் இதனை வெல்டிங் கவசத்துக்குக் கொணர்ந்தார். 1981-இல் ‘ஸ்பீட்கிளாஸ்’ என்ற பெயரில் அவருடைய நிறுவனம் தானே இருளும் கண்ணாடியை விற்பனைக்கு விட்டது. முகக்கவசத்தின் சாளரத்தில் பல அடுக்குகள் உண்டு. முன்னடுக்கு, மெல்லிய பூச்சுகளால் ஆன வடிகட்டி. புற ஊதாவையும் அகச்சிவப்பையும் எப்போதும் தடுப்பது இதுவே. அதன்பின் ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அசையவிடும் தகடுகளும், அவற்றுக்கிடையே திரவப் படிகமும் உள்ளன. சாளரத்தின் ஓரத்தில் ஒளியுணரும் கண்கள் இரண்டோ நான்கோ இருக்கும். மின்வில் மூண்டவுடன் அவை உணர்த்த, ஷேடு 3 அல்லது 4 ஆக இருந்த சாளரம் ஷேடு 10 அல்லது 11 ஆகிவிடும். வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, நல்ல கவசங்களில் அதனினும் குறைவான நேரமே இதற்கு வேண்டும். மின்வில் அணைந்ததும் சாளரம் மீண்டும் தெளியும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக மனத்திற் கொள்ளவேண்டும். இந்தக் கவசம் பழைய கறுப்புக் கண்ணாடியைவிடக் கூடுதலான காப்பைத் தருவதன்று. உரிய ஷேடு எண்ணுடைய சாதாரணக் கண்ணாடியும், அதனை முகத்தின்மீது இறக்கியிருக்கும் வரையில், கண்ணைக் குறைவறக் காக்கும். புதியது செய்தது, கவசத்தை உயர்த்தவேண்டிய தேவையை ஒழித்ததே. சபலத்துக்கு இடமில்லாமற் செய்தது. ஆகவே விலை கொடுக்க இயலாதவர் மனம் தளரவேண்டா. விலை கொடுத்து வாங்கியவர் இறுமாக்கவும் வேண்டா.

வாங்குவோர் கவனிக்கவேண்டியவை சில. முதலாவது, கவசம் எந்தத் தர அளவுக்கு உட்பட்டது என்ற குறிப்பு. வெல்டிங்கில் கண்ணையும் முகத்தையும் காக்கும் சாதனங்களுக்கு இந்தியத் தர நிர்ணயமாக ஐ.எஸ். 1179 என்பது 1967-லேயே வகுக்கப்பட்டது. தானே இருளும் கண்ணாடிகளில் ஈ.என். 379 என்ற ஐரோப்பிய அளவின் முத்திரை பரவலாகக் காணப்படும். அதன் இடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 16321 என்ற உலக அளவு 2021-இல் வந்தது. ஐரோப்பிய அளவில் 1/1/1/1 என்று நான்கு எண்கள் இருப்பின் காட்சித் தெளிவு உயர்ந்தது என்று பொருள். எக்குறிப்பும் இல்லாத கவசம் எவ்வளவு மலிவாயினும் வேண்டா. புற ஊதா வடிகட்டி அதனுள் உண்டா என்பதைக் கண்ணால் கண்டு சொல்ல எவராலும் இயலாது.

இரண்டாவது, ஷேடு எண்ணின் எல்லை. 9 முதல் 13 வரை மாற்றத்தக்கதாக இருப்பது நலம். ராடு வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியர் வரை ஷேடு 10-உம், 160 முதல் 250 வரை ஷேடு 12-உம் அமெரிக்க வழிகாட்டிகள் பரிந்துரைப்பவை. பட்டறைகளில் பத்தாம் நம்பர் ராடு எனப்படுவது முதல் வகையுள் அடங்கும். அதிக எண்ணில் தொடங்கி, தையல் தெளிவாகத் தெரியும்வரை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்வதே முறை. குறைந்த எண்ணில் தொடங்கிக் கூட்டுவது முறையன்று.

மூன்றாவது, ஒளியுணரும் கண்களின் எண்ணிக்கை. குழாய்களின் இடுக்கிலும் தலைக்குமேலும் வேலை செய்வோர்க்கு ஏதேனும் ஒரு கண் மறைந்துவிடும். ஆதலின் நான்கு கண்கள் உடையதே தக்கது. ஆர்கான் வெல்டிங்கில் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் சுடர் சிறிதாகையால் சில கவசங்கள் அதனை உணரா. உணர்திறனைக் கூட்டும் திருகு உள்ளதா என்று பார்க்கவேண்டும். நான்காவது, மின்கலம். சூரிய மின்தகடு மட்டும் இருப்பதைவிட, மாற்றத்தக்க மின்கலமும் உடன் இருப்பது நல்லது. கடுங்குளிரில் திரவப் படிகம் மந்தப்படும். மலைப்பிரதேசங்களில் வேலை செய்வோர் கவசத்தைச் சூடான இடத்தில் வைத்திருந்து எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஐந்தாவது, எடையும் தலைப்பட்டையும். எட்டு மணி நேரம் தலையில் தாங்கவேண்டிய பொருள், கடையில் எட்டு நிமிடம் அணிந்து பார்க்கத் தகுதியானதே. வாங்கிய பின் பேணுதலும் உண்டு. சாளரத்தின்மேல் உள்ள மலிவான தகடு பொறி தெறித்து மங்கினால் உடனே மாற்றவேண்டும். மங்கிய தகடு தொழிலாளியைக் கவசத்தை உயர்த்தத் தூண்டும். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன், சோதனைப் பொத்தானால் சாளரம் இருளுகிறதா என்று பார்க்கவேண்டும். இருளாத கவசத்தை அன்றே ஒதுக்கிவைக்கவேண்டும். கசடு தட்டும்போதும் கிரைண்டிங் செய்யும்போதும் துண்டுகள் தெறிக்குமாதலால், கவசத்துக்குள் பக்க மறைப்புடைய தெளிந்த கண்ணாடியும் அணிவது அறிவுடைமை.

கவசம் ஒருவருக்கு, ஒளியோ அனைவருக்கும். தகட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்குப் பெரும்பாலும் எதுவும் கொடுக்கப்படுவதில்லை. வெள்ளைச் சுவரும் பளபளக்கும் தகடும் கதிரைத் திருப்பி வீசும். ஆதலின் அவருக்கும் ஒரு கவசமும், வழிப்போக்கர்க்கு ஒரு தட்டி மறைப்பும் வேண்டும்.

கண் சுட்டுவிட்டால் தேய்க்கக்கூடாது. வெங்காயச் சாறு, பால் முதலிய கைவைத்தியம் கூடாது. வலியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைத் தாமே வாங்கி விட்டுக்கொள்வது மிகவும் தீது. அது புண் ஆறுவதைத் தடுக்கும். மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் ஆறிவிடுகிறது என்பதற்காக அலட்சியம் செய்தலாகாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிபுணர் குழு 2017-இல் கூடி ஆராய்ந்து, வெல்டிங்கிலிருந்து எழும் புற ஊதாக் கதிரை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றின் பட்டியலில் சேர்த்தது. கண்ணில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றே அதற்குச் சான்றாயிற்று.

நம் நாட்டுச் சட்டமும் இதனை மறக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் 35-ஆம் பிரிவில், மிகையான ஒளியால் கண்ணுக்குக் கேடு நேரக்கூடிய வேலைகளில் மறைப்போ தகுந்த கண்ணாடியோ அளிக்கப்படவேண்டும் என்று வகுத்தது. 2020-இல் நாடாளுமன்றம் பதின்மூன்று தொழிற் சட்டங்களைத் திரட்டி ஒரே தொகுப்பாக இயற்றியபோது அச்சட்டமும் அதனுள் அடங்கியது. எனினும் சட்டத்தின் கை தொழிற்சாலையின் வாயில்வரைதான் நீளுகிறது. கிரில் கதவு செய்யும் தெருவோரப் பட்டறையில் சட்டம் பேசுவார் இல்லை.

அயல் மாநிலங்களில் அத்தகைய பட்டறைகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்கின்றனர். சுவரில் எச்சரிக்கை எழுதியிருந்தாலும் அது அவர்கள் படிக்கும் மொழியில் இருப்பதில்லை. அவர்களை அறிந்தவர்கள் இச்செய்திகளைத் தாய்மொழியில் ஒரு முறை சொல்லி வைத்தால் போதும். கண் கூசாததால் கேடில்லை என்று எண்ணாதே. கறுப்பாக இருப்பதெல்லாம் காப்பன்று. ஒரு புள்ளிக்கும் கவசத்தை இறக்கு. உதவியாளனாக நின்றாலும் உனக்கென ஒரு கவசத்தைக் கேட்டு வாங்கு. இந்நான்கையும் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.